நடப்போருக்கு ஒரு பொட்டலம்



நோயாளிகளின் உதவிக்காக நிதி திரட்ட நண்பர்கள் பலர் கூடி நெடுந்தூரம் நடப்பது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நடந்தவர்களின் பெயர் அறிக்கையில் வரும். காணிக்கை கொடுத்தவர்களின் பெயரும் வரும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் வருவதில்லை. இம்முறை நம் பாடம் அந்த மூன்றாம் வகையினருக்காக எழுதப்படுகிறது. ஒரு பொட்டலச் சோற்றை அன்போடு கட்டினால் மட்டும் போதாது, அறிவோடும் கட்ட வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தவறு

பல ஆண்டுகளுக்கு முன், ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு எங்கள் நண்பர்கள் இருபத்தைந்து பேர் நடந்தார்கள். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தூரம். சமையல் பொறுப்பை நானும் இன்னும் இரண்டு சகோதரிகளும் ஏற்றுக்கொண்டோம். காலையில் அவசரப்படக் கூடாது என்று எண்ணி, முந்தின இரவே சோறு வடித்து, தேங்காய்ச் சாதம் கிளறி, சூடு ஆறுமுன் இலையில் கட்டி, மூங்கில் கூடையில் அடுக்கி, மேலே சாக்குப் போட்டு மூடிவிட்டுப் படுத்தோம். காலை ஐந்து மணிக்குப் பொட்டலங்களைக் கையில் கொடுத்து, மனநிறைவோடு வழியனுப்பினோம்.

வம்பன் நால்ரோட்டைத் தாண்டி, ஒன்பது மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பதினொரு மணிக்குள் ஆறு பேருக்கு வாந்தி. அவர்களில் ஒருவர் அறுபது வயதைக் கடந்த பெரியவர், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மாத்திரை வயிற்றில் தங்கிவிட்டது, சோறு தங்கவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, கண் செருகியது. அவ்வழியே வந்த வாகனத்தில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் அவருக்கு நினைவு தெளிந்தது. யாருடைய உதவிக்காக நடந்தார்களோ, அந்த நோயாளிகளுக்குப் பக்கத்துக் கட்டிலிலேயே இவர்களும் படுக்க நேர்ந்தது.

மாலைக்குள் எல்லாரும் தேறிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெரியவரைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன். அவரே கூப்பிட்டு, "ஏம்மா, அங்கேயே நிக்கிறே? அடுத்த தடவையும் நீதான் கட்டிக் குடுக்கணும். ஆனா ராத்திரி கட்டாதே, காலையில கட்டு" என்றார். இந்தப் பாடம் முழுவதும் அவர் சொன்ன அந்த ஒரு வரியின் விளக்கமே என்று வைத்துக்கொள்ளலாம்.

1. சோறு கட்டுவது சிறிய காரியமா?

இல்லை என்பதற்கு நம் பக்கத்து மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி, ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கப் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல் தூரத்தை நடந்து ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். வழியின் பெரும்பகுதி அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. அதன் கலெக்டர் தார்ன் துரை, நடப்பவர்களைத் தடுப்பதைவிட அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களைத் தடுப்பதே எளிது என்று கண்டார். உணவோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் தொண்டர்களை உபசரித்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார்.

ஆனாலும் சோறு நிற்கவில்லை. சாலையோர மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்கள் கட்டித் தொங்கவிடப்பட்டன. ஆற்றங்கரையில் தொண்டர்கள் இளைப்பாறும்போது, சோற்றுப் பாத்திரம் புதைத்து வைத்திருக்கும் இடத்தை யாரோ ஜாடையாகக் காட்டிவிட்டுப் போனார்கள். அந்நாளில் நம் ஆலங்குடி புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஒரு தாலுகா. கலெக்டரின் ஆணை செல்லும் எல்லைக்குச் சற்று வெளியே இருந்தது. எல்லைக்கு உள்ளே இருந்தவர்கள், ஒரு பிடி சோற்றுக்காகச் சிறைக்குத் துணிந்தார்கள். பொட்டலம் கட்டியவர்களில் பெரும்பாலோருடைய பெயர் வரலாற்றில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த நடை வேதாரண்யம் போய்ச் சேர்ந்திருக்காது.

வேதத்தில் எலியாவின் சரித்திரத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாவை விரும்பின அந்த மனிதனிடம் தூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையையும் தண்ணீரையும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னான். ஒரு முறையல்ல, இரண்டு முறை. அதற்குப் பின்புதான் ஓரேப் வரைக்கும் நாற்பது நாள் நடை.

2. சோறு எப்படிக் கெடுகிறது?

நான் செய்த தவறு எங்கே என்று மருத்துவமனையில் விளக்கிச் சொன்னார்கள். அரிசியில் ஒருவகைக் கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போது மற்றக் கிருமிகள் செத்துப் போகின்றன, இந்த வித்துகள் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடியும் சூடாக்கினாலும் அழிவதில்லை. சாப்பிட்ட ஒரு மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். கூடையில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடிய என் சோறு, இரவெல்லாம் அந்தக் கிருமிக்கு ஏற்ற வெதுவெதுப்பில் இருந்தது. கெட்டுப்போன வாசனைகூட வரவில்லை. ஆகவே முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது.

இரண்டாவது எதிரி நம் கை. விரலில் சிறு வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருந்தால், அதிலுள்ள கிருமி சோற்றில் சேர்ந்து அதுவும் சூட்டில் அழியாத நஞ்சை உண்டாக்கும். காயம் உள்ளவர் அன்றைக்குச் சோறு பிசையவும் பொட்டலம் கட்டவும் வேண்டாம். விறகு எடுக்கலாம், தண்ணீர் சுமக்கலாம், கணக்கு எழுதலாம். வயிற்றுப்போக்கு இருப்பவர் சமையல் பக்கமே வரக் கூடாது. மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, கரண்டியால் பரிமாறிக் கட்ட வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய விதி எளியது. சமைத்த உணவு ஒன்று கை பொறுக்காத சூட்டில் இருக்க வேண்டும், அல்லது சீக்கிரம் சாப்பிட்டு முடிக்க வேண்டும். வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயில் நாளில் அதையும் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் கட்டுச்சோறே கூடாதா?" என்று கேட்பீர்கள். நம் முன்னோர் கட்டுச்சோற்றுக்கு ஏன் புளியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். நன்றாகப் புளிப்பேறிய உணவில் கிருமி எளிதில் பெருகாது. தேங்காய், உருளைக்கிழங்கு, பருப்பு சேர்ந்த ஈர உணவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

3. எதைக் கட்டலாம்?

(அ) புளியோதரை: புளிக்காய்ச்சலை முந்தின நாளே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி வைத்துக்கொள்ளலாம். சோற்றை மட்டும் காலையில் வடியுங்கள். வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, ஆவி போனபின் புளிக்காய்ச்சலைச் சோற்றுப் பருக்கை எல்லாவற்றிலும் படும்படி பிசறுங்கள். வெள்ளைச் சோறு திட்டுத்திட்டாக நின்றால், அந்த இடத்தில் புளியின் காவல் இல்லை என்று பொருள். ஆவி அடங்குமுன் கட்டினால் இலைக்குள் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்.

(ஆ) மிளகாய்ப்பொடி தடவிய இட்லி: இட்லியின் இரு பக்கமும் பொடியும் நல்லெண்ணெயும் தடவி, அனலில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் காலை உணவுக்கு நன்றாக இருக்கும். தேங்காய்ச் சட்னி கட்டாதீர்கள். அதுவே முதலில் கெடும்.

(இ) தயிர்சாதம்: தயிரைக் குறைத்துப் பாலைச் சேர்ப்பது புளிக்காமல் இருப்பதற்காகவே தவிர, கெடாமல் இருப்பதற்காக அல்ல. ஆகவே தயிர்சாதம் கொடுப்பதானால், முதலில் சாப்பிடும் உணவாக அதை வையுங்கள்.

(ஈ) கைத்தீனி: கடலைமிட்டாய், பொரிவிளங்காய் உருண்டை, வாழைப்பழம். நம் செம்மண்ணில் விளையும் கடலையும் வாழையும் நடப்பவர்களுக்கென்றே படைக்கப்பட்டவை போலிருக்கின்றன. நூறு கிராம் கடலைமிட்டாயில் ஏறத்தாழ ஐந்நூறு கலோரி உண்டு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் இருபது கிலோமீட்டர் நடக்கச் செலவாவது ஏறத்தாழ ஆயிரம் கலோரி. கடலை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது உண்டா என்பதை மட்டும் முன்னதாகவே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து பேருக்குக் கணக்கு வேண்டுவோருக்காக: ஆளுக்கு நான்கு இட்லி என்றால் நூறு இட்லி. அதற்கு இட்லி அரிசி இரண்டு கிலோ, உளுந்து அரைக் கிலோ. புளியோதரைக்கு அரிசி மூன்றே கால் கிலோ, புளி நானூறு கிராம், நல்லெண்ணெய் அரை லிட்டருக்குச் சற்று மேல். கடலைமிட்டாய் ஆளுக்கு ஐம்பது கிராம் வீதம் ஒன்றே கால் கிலோ. வாழைப்பழம் ஆளுக்கு இரண்டு, மேலும் பத்து.

4. பொட்டலத்தை யார் சுமப்பது?

ஹாங்காங்கில் 1981-ஆம் ஆண்டு கூர்க்காப் படையினர் தங்கள் பயிற்சிக்காகத் தொடங்கிய ஒரு நடை, பின்னர் ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் நிதி திரட்டும் நடையாகிப் பல நாடுகளுக்கும் பரவியது. நான்கு பேர் ஒரு குழுவாக நூறு கிலோமீட்டர் தூரத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். அந்த நால்வருக்குப் பின்னால் ஓர் உதவிக் குழு இருக்கும். குறித்த இடங்களில் அவர்களுக்கு முன்னே போய் நின்று, உணவும் தண்ணீரும் மாற்றுக் காலுறையும் கொடுப்பது அதன் வேலை.

நாமும் அப்படியே செய்யலாம். பொட்டலத்தைக் காலையில் கையில் கொடுத்து அனுப்பாமல், ஒரு வண்டியில் பின்னால் கொண்டுபோய்ச் சாப்பிடும் இடத்தில் கொடுங்கள். சூடாக வேண்டியதை ஹாட் பாக்ஸில் சூடாகவே கொண்டுபோங்கள். இப்படிச் செய்தால் சமைப்பதற்கும் சாப்பிடுவதற்கும் இடையிலுள்ள நேரம் குறைகிறது. நடப்பவரின் தோளும் இளைப்பாறுகிறது. யாருக்கேனும் முடியாமற்போனால் ஏற்றிவர வண்டியும் அருகில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 29-ஆம் தேதி கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8-ஆம் தேதித் திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களையும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களையும் சாலையில் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்காக வழியோரத்து வீட்டார் நீர்மோரும் சோறும் வைத்துக் காத்திருக்கிறார்கள். கூர்க்காக்கள் கண்ட முறை நம் மக்களுக்குப் புதியதல்ல.

5. தண்ணீரும் உப்பும்

வெயிலில் நடப்பவர் வியர்வையாய் இழப்பது தண்ணீர் மட்டுமல்ல, உப்பையும் இழக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை குடிக்கத் தேவைப்படலாம். தாகத்தை அடக்கக் கூடாது. அதேபோல் தாகமில்லாமலே குடம்குடமாக வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம், சில வேளை வலிப்பும் உண்டாகும். நம் நீர்மோர் தண்ணீரையும் உப்பையும் சேர்த்துக் கொடுக்கும். இரண்டு லிட்டர் தயிரை எட்டு லிட்டர் தண்ணீரில் கடைந்தால் இருபத்தைந்து பேருக்கு இரண்டு தம்ளர் வீதம் வரும். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்கு மிகாமல் உப்புப் போடுங்கள். தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். இதய நோய், சிறுநீரக நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பற்றித் தங்கள் டாக்டரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாந்தியோ பேதியோ கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பொட்டலம் நல்லது. அது இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுக்கலாம்.

இக்கரைசலுக்குப் பின்னால் மற்றொரு நடையின் சரித்திரம் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது இலட்சக்கணக்கானோர் அகதிகளாக நம் நாட்டு எல்லைக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்துப் பன்காவ் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் சோடாவையும் குளுக்கோஸையும் பொட்டலமாகக் கட்டச் செய்து, பெரிய பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. 2022-ஆம் ஆண்டு அவர் காலமானார். அடுத்த ஆண்டு அரசு அவருக்குப் பத்மவிபூஷண் அளித்தது. அங்கே உயிர் காத்ததும் பொட்டலம்தான். அதைச் சரியான அளவில் கட்டிய கைகளும், பொறுமையாகப் புகட்டிய கைகளும் டாக்டர்களின் கைகள் அல்ல.

6. சர்க்கரை நோயுள்ள நண்பர்

நடப்பவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் இருப்பார்கள். நடையே சர்க்கரையைக் குறைக்கும். மருந்தும் குறைக்கும். சாப்பாடும் தாமதமானால் அளவுக்கு மீறி இறங்கிவிடும். ஆகவே,

- நடைக்கு முன் மருந்தின் அளவைப் பற்றி அவர் தம் டாக்டரிடம் கேட்டு வர வேண்டும்.
- அவருடைய சாப்பாட்டு நேரத்தைக் கேட்டு எழுதி, பொட்டலத்தின் மேல் அவர் பெயரைக் குறியுங்கள்.
- வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் சாப்பிட வையுங்கள்.
- நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

வெயிலில் நடக்கும் எவருக்கேனும் உடம்பு நெருப்பாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெப்பத் தாக்கு. நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதிப்பது உயிருக்கு ஆபத்து.

7. முடிவாக

அந்த நிகழ்ச்சிக்கு அடுத்த ஆண்டும் நண்பர்கள் நடந்தார்கள். என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றிருந்தேன். முதலில் வந்து பெயர் கொடுத்தவர் அந்தப் பெரியவர்தான். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்புப் பற்றவைத்தோம். கை கழுவ வாசலிலேயே சோப்பும் வாளித் தண்ணீரும் வைத்தோம். புளிக்காய்ச்சல் முந்தின நாளே தயாராக இருந்தது. சோறு வடித்ததும் பரப்பினோம், ஆறினோம், பிசறினோம், கட்டினோம். வண்டியில் வைத்து வம்பனில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெரியவரின் பொட்டலத்தின் மேல் அவர் பெயர் எழுதியிருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்குக் கட்டினே?" என்று கேட்டார். "அஞ்சரைக்கு, ஐயா" என்றேன். வேறொன்றும் பேசாமல் சாப்பிட்டார்.

அன்று ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. அந்தச் செய்தியை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. ஆனால் சமைப்பவரின் உழைப்புக்குப் பலன் அதுவே: எல்லாரும் சுகமாய் நடந்து, சுகமாய் வீடு வந்து சேர்ந்தார்கள்.

சிந்தித்துக் கலந்து பேசுவதற்கு

1. உங்கள் குழுவில் சமைப்பவர்களைத் திட்டமிடும் கூட்டத்துக்கே அழைக்கிறீர்களா, அல்லது கடைசி நாளில் சொல்லி அனுப்புகிறீர்களா?
2. சமைத்த நேரத்துக்கும் சாப்பிடும் நேரத்துக்கும் இடையே எத்தனை மணி ஆகிறது? அதைக் குறைக்க வழி என்ன?
3. நடப்பவர்களில் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் சம்பந்தமான நோயுள்ளவர்கள் யார் யார் என்று உணவுப் பொறுப்பாளருக்குத் தெரியுமா?
4. 1930-இல் மரக்கிளையில் பொட்டலம் கட்டியவர்கள் தங்கள் பெயர் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. நாம் எதிர்பார்க்கிறோமா?